ஆணி இறங்காத சுவர்

வாடகைக்கு விடுகிற வீட்டின் சுவரில் ஆணி இறங்கக் கூடாது. வீடு கட்டப்போகிறேன் என்று யார் என்னிடம் யோசனை கேட்டு வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். காலண்டருக்கு ஒரு ஆணி, சாமி படத்துக்கு ஒரு ஆணி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பைக்கு ஒரு ஆணி என்று ஆரம்பிப்பார்கள். காலி செய்து போகும்போது படத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டை நமக்கு. ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, பூச்சு உப்பி, சொறி பிடித்த மாதிரி உதிரும். அடுத்து வருகிறவன் அதைக் காட்டித்தான் பேரம் பேசுவான்.

நீங்களும் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஐயா. போலீஸ் உத்தியோகம் மாற்றல் உத்தியோகம். அதனால் நான் சொல்வது கொஞ்சம் கசக்கலாம். ஆனால் நானாக வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. அதற்காகவாவது முழுக்கக் கேளுங்கள்.

பேர் கண்ணுசாமி. சங்ககிரி ரோட்டில் ரிக் கண்ணுசாமி லைன் வீடு என்றால் திருச்செங்கோட்டில் யாரும் காட்டுவார்கள். வயசுக் காலமெல்லாம் போர் போடுகிற ரிக் லாரியோடு ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் அலைந்தவன் நான். லாரிக்கு அடியில் படுத்து, பாறைத் தூளைத் தின்று சம்பாதித்தேன். அந்தச் சம்பாத்தியத்தில் வரிசையாக ஆறு வீடு கட்டினேன். என் வீடு அதே காம்பவுண்டில், கடைசியில் தனியாக இருக்கிறது.

முதலில் கட்டியபோது ஆசையாகத்தான் கட்டினேன். தேக்குக் கதவு, பெரிய ஜன்னல், கண் கூசுகிற மாதிரி சிவப்புத் தரை. வாசல் கதவில் தாமரைப்பூ செதுக்கச் சொன்னேன். வாடகை வீட்டுக்குப் போய் எதற்கு என்று ஆசாரி கேட்டார். குடியிருக்கிறவர்களும் மனுசர்தானே என்று நான்தான் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு முறை ராய்ப்பூர் பக்கம் வேலை முடிந்து ஊருக்கு வந்தேன். என் மனைவி ஆராயி இரண்டாவது வீட்டுக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, சாக்கடைக் குழிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து பழந்துணியும் சோற்றுப் பருக்கையும் தலைமயிரும் உருண்டு திரண்டு வந்தன. குடியிருந்தவள் பின்கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளாகவே சொன்னாள், வாடகை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று. உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்புத் தரையில் தேங்காய் உடைத்து உடைத்துக் குழி விழுந்திருந்தது. தாமரைப்பூவின் இதழ்களில் பிள்ளைகள் காம்பஸால் பேர் எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு நான் சத்தம் போடவில்லை. பின்திண்டில் உட்கார்ந்து ஆராயியின் கையைக் கழுவிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். வாடகை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம். பாறையில் டிரில் இறங்கும்போது ஒரு சத்தம் வரும். அந்த வாக்கியம் என் தலைக்குள் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரிக்கை விற்றதும் வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்யச் சொல்லி மாற்றிக் கட்டினேன். சுவருக்குத் தலை உயரத்துக்கு மேலே வரை டைல்ஸ் ஒட்டினேன். அதற்கும் மேலே கை வைத்தால் கல்லு மாதிரி இருக்கும் சிமெண்ட் பூச்சு. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். தரை முழுக்கக் கறுப்பு கிரானைட். மரக்கதவை எல்லாம் கழற்றிவிட்டு இரும்புக் கதவு. தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் புதைத்தேன். பின்கதவு இருப்பதால்தானே குப்பையும் கழுநீரும் பின்னால் போகிறது, அதனால் பின்கதவையே செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். வீடுகளுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த பின்சந்துக்கு ஒரு கேட் போட்டுப் பூட்டினேன்.

ஜன்னல்தான் பெரிய தொல்லை. கண்ணாடி உடையும், கொசுவலை கிழியும், கம்பியில் துணி காயப்போட்டுத் துருப்பிடிக்கும். கடைசியில் ரிக் வண்டிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி கனத்த இரும்புத் தகடு வாங்கினேன். விரல் நுழையும் அளவுக்கு வரிசையாக ஓட்டை போட்ட தகடு. அதை ஜன்னல் இருந்த இடத்தில் சுற்றிலும் சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டேன். வெளிச்சம் வரும், காற்றும் வரும். உடையாது, கிழியாது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதும்.

ஈரோட்டிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஐயா. இப்படிக் கட்டினால் வீட்டுக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். நானும் தூங்கினேன். ஆராயி மட்டும் ஒரு நாள் காலியாக இருந்த வீட்டைக் கூட்டிவிட்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள காத்தே வர்றதில்லீங்க. மனுசரு குடியிருக்கற எடமுங்க அது."

அவள் மனசு இளகின மனசு. அதனால்தான் சாக்கடைக் குழிக்குள் கையை விட வேண்டியிருந்தது என்பதை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

நிலவனும் கயல்விழியும் நான்காவது வீட்டுக்குக் குடிவந்தார்கள். நிலவன் ரிக் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கயல்விழி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆபீசில் வேலை பார்த்தாள். நிலவனின் அம்மா சாலம்மாள் அவர்களோடு இருந்தார். பிள்ளை இல்லை. சுத்தமான குடும்பம். வாசல் தினமும் கழுவியிருக்கும். சுவரில் கை வைத்து நிற்பதைக்கூட நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஆறு வீட்டிலும் எனக்குப் பிடித்த குடித்தனம் அதுதான். சாலம்மாள் என்னைப் பார்த்தால், சாப்பிட்டீங்களா சாமி என்று கேட்காமல் போகமாட்டார்.

அவருக்கு மூச்சிரைப்பு. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் அதிகமாகிவிட்டது. கயல்விழி ஒரு நாள் வந்து தயவாகக் கேட்டாள், படுக்கிற அறையின் தகட்டை மட்டும் திறந்து மூடுகிற மாதிரி செய்து தர முடியுமா என்று. செலவை அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு வீட்டுக்குச் செய்தால் ஆறு வீட்டுக்கும் செய்ய வேண்டும் என்றேன். திறக்கிற ஜன்னல் என்றால் கீல் வேண்டும், கீல் இருந்தால் தேயும், தேய்ந்தால் நான் போக வேண்டும். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவள் மறுபடியும் மறுபடியும் வந்து கேட்டாள். நான் மறுபடியும் மறுபடியும் விளக்கினேன்.

இதற்கு நடுவில் அவள் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள். வாசலில் சார்ஜ் போட ஒரு பிளக் வேண்டும் என்றாள். முன்பு வெளியே பிளக் இருந்தது. யாரோ எதையோ செருகி, சுவர் கருகிப்போனதால் நான்தான் எடுத்துவிட்டேன். உள்ளே நிறுத்திப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பேட்டரி சூடாகும் என்கிறார்கள், உள்ளே வைக்கப் பயமாக இருக்கிறது என்றாள். வெளிச்சுவர் கருகக் கூடாது, உள்ளே டைல்ஸ்தான், துடைத்தால் போய்விடும் என்றேன். அதிலிருந்து ஸ்கூட்டர் முன்னறையில், வாசல் கதவை ஒட்டினாற்போல நின்று சார்ஜ் ஏறும். வேறு இடம் அங்கே இல்லை.

சித்திரையில் நானும் ஆராயியும் ஓமலூரில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. திரும்பி வந்த மறுநாள் காலையில் வழக்கம்போலப் பின்சந்தைத் திறந்து ஒரு சுற்றுப் பார்த்தேன். நான்காவது வீட்டின் தகட்டை அறுத்திருந்தார்கள்.

வேலை எப்படி என்று கேட்டால், ஐயா, அதைவிடச் சுத்தமாக யாராலும் செய்ய முடியாது. தகட்டை நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி அறுத்து, சட்டம் போட்டு, கீல் வைத்து, கதவு மாதிரி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்திருந்தான் நிலவன். உள்ளேயும் வெளியேயும் கொண்டி வைத்து, சுவரின் நிறத்துக்கே பெயிண்டும் அடித்திருந்தான். ஒரு ஆள் தாராளமாக நுழைந்து வரலாம். நான் கையை வைத்துத் திறந்து பார்த்தேன். சத்தமே இல்லை.

மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தேன், அப்போதும் சத்தமில்லை. மோசமாகச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் வீட்டை என்னைக் கேட்காமல் அறுத்துவிட்டு, அதை என்னைவிட நன்றாகவும் செய்து வைத்திருந்தார்கள்.

வாசலில் வைத்துக் கேட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மற்ற குடித்தனக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். நிலவன் உடனே தலையைக் குனிந்துகொண்டு, தப்புத்தாங்கய்யா, அம்மா படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை என்றான். அவனை நான் அப்போதே மன்னித்துவிட்டேன். அவன் வெல்டர், கை சும்மா இருக்காது. ஆனால் செய்யச் சொன்னது அவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கயல்விழியைப் பார்த்து, கேட்காமல் அறுத்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"கேட்டமுங்களேங்கய்யா," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "எத்தன தடவ வந்து கேட்டமுங்க. அத்தை ராத்திரியெல்லாம் உக்காந்துட்டே தூங்கறாங்க. செவுத்துல ஒரு கீறலுகூட உழுகல, நீங்களே பாருங்க. மனுசரு இருக்கறதுக்குத்தானுங்களே ஊடு. எனக்கு இது தப்புன்னு தோணலீங்க."

ஆறாவது வீட்டில் குடியிருந்த மயிலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாளா, பயந்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் அவள். நான் அவளைக் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு பூட்டு வாங்கி வந்து, வெளிப்பக்கக் கொண்டியில் போட்டுப் பூட்டினேன். மறுபடி வெல்டு வைத்து அடைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் தகடு கருகும், பெயிண்ட் அடிக்க வேண்டும். பூட்டு என்றால் ஒரு சேதமும் இல்லை. பின்சந்து கேட்டின் சாவியோடு அந்தச் சாவியையும் என் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். கயல்விழியிடம், அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிற அன்றைக்குச் சாவி உன் கையில் இருக்கும் என்று சொன்னேன். நியாயமான பேச்சு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லுவாள், ஒதுங்கி வழி விடுவாள், அந்த வார்த்தையைச் சொல்வதைத் தவிர எல்லாம் செய்தாள். நிலவன் இரண்டு தடவை சாவி கேட்டு வந்தான். உன் பெண்சாதியை வரச் சொல் என்று அனுப்பிவிட்டேன். சாலம்மாள் ஒரு நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து என் வாசல்வரை நடந்து வந்தார். பேச மூச்சு இல்லை. படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அவள் சின்னப் பெண் சாமி, அவளுக்குப் பதிலாக நான் சொல்கிறேன் என்றார். ஆராயி உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சாவியைத் தரவில்லை. வேறு ஒருவர் சொல்லி என்ன பிரயோசனம்?

சம்பவம் நடந்தது மத்தியானம். சாலம்மாளுக்கு முந்தின நாளிலிருந்தே முடியாததால் கயல்விழி லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மற்ற வீடுகளில் பெரும்பாலும் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். சட்டை போடவில்லை. பெரிய பட்டாசு ஒன்றைத் தகர டப்பாவுக்குள் வைத்து வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் நான்காவது வீட்டுக் கதவின் அடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை பீய்ச்சிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது கறுப்பாக மாறியது.

ஸ்கூட்டர் வாசலை அடைத்துக்கொண்டு எரிந்தது. இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த மயிலம்மாள் எழுந்து ஓடிவந்து கதவில் கை வைத்தாள். உள்ளங்கைத் தோல் கதவோடு ஒட்டிக்கொண்டது. ரோட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து கடப்பாரை தேடினார்கள். கதவு அசையவில்லை. நான் போட்ட கதவு அது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். இரும்பில் பட்டுச் சுர்ரென்று ஆவியாகப் போனது. ஆராயி என் வீட்டுக் குழாயில் குடங்களை நிரப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். அதை யாரும் சொல்லாமலே செய்தேன். அதனால்தான் மற்ற ஐந்து வீடும் தப்பின. பிறகு பின்சந்துக்குப் போனேன். கேட்டைத் திறந்து உள்ளே போய், பழக்கத்தில் பின்னால் சாத்திக்கொண்டேன். முன்னால் இருந்தவர்கள் யாருக்கும் நான் போனது தெரியாது.

தகட்டின் எல்லா ஓட்டையிலிருந்தும் புகை நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. நடுவில் சில ஓட்டைகளில் அவள் விரல்கள் தெரிந்தன. நான் வந்த காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"ஐயாவுங்களா? பூட்டத் தெறங்கய்யா. அத்தை உழுந்துட்டாங்க."

நான் பக்கத்தில் போனேன். இடுப்பில் கை வைத்தேன். சாவி கையில் தட்டுப்பட்டது. எடுக்கத்தான் போனேன், ஐயா. அதில் சந்தேகமே வேண்டாம். எடுக்கப் போகும்போது, இப்போது கேட்டால் சொல்லுவாள் என்று தோன்றியது.

"கேக்காம அறுத்தது தப்புத்தான அம்முணி?"

அந்தப் பக்கம் அவள் இருமினாள். பிறகு அவள் சொன்னாள். "தப்புத்தானுங்க. தெறங்கய்யா, தப்புத்தானுங்க."

சொன்னாள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எப்படிச் சொன்னாள் என்பதும் இருக்கிறதல்லவா. சாவிக்காகச் சொன்னாள். வாடகை கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று சொன்னவளும் இப்படித்தான், வாய் ஒன்று சொல்லும், மனசு வேறு எங்கோ இருக்கும். எனக்கு அது போதவில்லை. நிதானமாக, யோசித்து, மனசாரச் சொல்லச் சொன்னேன்.

அவள் முகத்தைத் தகட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். ஒரு கண் மட்டும் தெரிந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கெஞ்சுகிற பார்வை இல்லை அது. இவன் திறக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்ட பார்வை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்து சாலம்மாளைத் தூக்கினாள். கனத்த உடம்பு அவருக்கு. எப்படித் தூக்கினாளோ, அவர் முகத்தைக் கொண்டுவந்து தகட்டில் ஒட்ட வைத்தாள். அந்த அறையில் சேர்ந்த புகை முழுவதும் வெளியே வர இருந்த ஒரே வழி அந்த ஓட்டைகள்தான். அந்த வழியில் போய் முகத்தை வைத்தால் என்ன ஆகும்? அவளுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பிறகு அவள் மயிலக்கா, மயிலக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பூட்டுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், சாவி என்னிடம் இருக்கிறது. என்னை விட்டுவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு நிற்கிற தறிக்காரியைக் கூப்பிட்டாள். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

நான் அங்கேயே நின்றேன். ஒரு தடவை கூப்பிட்டதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. விரல்கள் முதலில் ஓட்டைகளைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. பிறகு சும்மா மாட்டிக்கொண்டிருந்தன. பிறகு உள்ளே போய்விட்டன. ரோட்டில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டபோதுதான் நான் வெளியே வந்தேன்.

சந்தை விட்டு நேராக என் வீட்டுக்குள் போனேன். அறையில் பீரோ முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். தொண்டை எரிந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாவி கிடைத்துவிட்டது என்று சொல்லியபடி எல்லாரும் பார்க்க ஓடினேன். பூட்டை நான்தான் திறந்துவிட்டேன். தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரையும் அந்த வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள். வீட்டு உரிமையாளர் சாவியைத் தேடிக்கொண்டு வருவதற்குள் பரிதாபம் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த அன்று நிலவன் என்னைப் பார்க்க வந்தான். மொட்டை அடித்திருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நீங்கள் ஓடினீர்கள் என்று எல்லாரும் சொன்னார்கள் என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"பூட்டுப் போட்ட அன்னைக்கே அத நான் அறுத்துப் போட்டிருக்கோணுமுங்க. உங்க மொகத்துக்காவ உட்டுட்டனுங்க."

அவன் கை சூடாக இருந்தது. மனசைத் தேற்றிக்கொள்ளப்பா என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் போகும்வரை ஆராயி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் என் பக்கம் வந்தாள்.

"சாவி உங்க இடுப்புலதானுங்க இருந்துச்சு. சோறு போடறப்பக்கூடப் பாத்தனுங்க. நீங்க உள்ள வந்து எதையுந் தேடல. தண்ணி குடிச்சீங்க."

அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறி, ஓமலூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் நான் பயந்து இங்கே வந்ததாக நினைக்க வேண்டாம்.

நான் வந்தது வேறு காரணத்துக்காக. முந்தாநாள் அதிகாரிகள் வந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். கூட ஒரு இளவயது இன்ஜினியர். பேர் சிவக்குமார் என்றார்கள். என் வயசில் பாதி இருக்காது. அடைத்திருந்த பின்கதவைப் பேனாவால் தட்டிப் பார்த்தான். இந்தக் கட்டடம்தான் இரண்டு பேரையும் கொன்றது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியே இல்லாத கட்டடம் என்றான். ஆறு வீட்டுக்கும் சீல் வைத்துவிட்டார்கள். இடிக்கச் சொல்லி உத்தரவு வருமாம். என்னிடம் யோசனை கேட்டுக் கட்டிய ஈரோட்டுக்காரர் போன் போட்டு, உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்கிறார்.

சீல் வைப்பதற்கு முன்னால் நான் உள்ளே போய்ப் பார்த்தேன், ஐயா. அவ்வளவு தீயிலும் சுவரில் ஒரு விரிசல் இல்லை. கரியைக் கையால் தேய்த்தேன், அடியில் டைல்ஸ் அப்படியே பளிச்சென்று இருந்தது. அந்தக் கட்டடத்தைக் கொலைகாரக் கட்டடம் என்று ஒரு பொடியன் சொல்லிவிட்டுப் போகிறான். அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. இரண்டு உயிர் போன அன்றைக்குக்கூட நான் சாப்பிட்டேன்.

அதனால் நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வர வழி இருந்தது. நிலவன் செய்து வைத்த ஜன்னல் இருந்தது, நன்றாகத் திறக்கும், ஒரு ஆள் தாராளமாக வரலாம். பூட்டு என் பூட்டு. சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் கேட்டாள், நான் திறக்கவில்லை. சாலம்மாளையும் கயல்விழியையும் கொன்றது கட்டடம் இல்லை, பேட்டரியும் இல்லை. நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.